பாயசம் வரைக்கும் சம்மதம்

குடிப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தண்ணி, சரக்கு, கட்டிங், குவார்ட்டர் என்று தெருவில் புழங்குவது ஒரு பட்டியல். மப்பு, கிறக்கம், தள்ளாட்டம் என்று அதன் விளைவுக்கு இன்னொரு பட்டியல். ஆனால் மதுவைத் தயாரிக்கும் வேலைக்கு இன்று நம் வாயில் மிஞ்சியிருக்கும் சொற்கள் எத்தனை? எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவை இரண்டுதான்: காய்ச்சுதல், ஊறல். இரண்டும் செய்தித்தாள்களின் குற்றச் செய்திப் பத்தியில்தான் உயிர் வாழ்கின்றன. மலையடிவாரத்தில் சாராயம் காய்ச்சியவர் கைது. இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு.

இந்த வறுமை எனக்கு உறைத்தது ஒரு மொழிபெயர்ப்பு வேலையின்போது. நொதிக்க வைத்த உணவுகள் பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி ஒரு பதிப்பகம் கேட்டிருந்தது. தயிர், ஊறுகாய், இட்லி மாவு வரை பேகம்பேட் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தடங்கலின்றி எழுதிக்கொண்டு போனேன். அடுத்த அத்தியாயம் பீர். அதுவும் வீட்டில் தயாரிக்கும் பீர். மால்ட், மாஷ், வோர்ட், ஸ்பார்ஜ் என்று பத்திக்கு நான்கு சொற்கள் வழிமறித்தன. அகராதியில் அர்த்தம் கிடைத்தது. பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது கிடைக்கவில்லை. சமைத்துப் பார்க்காதவர் எழுதிய சமையல் குறிப்பை வாசகர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நல்லவேளையாக எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அமெரிக்காவில் சியாட்டில் நகருக்கு அருகே கம்ப்யூட்டர் வேலை. வார இறுதியில் கார் நிறுத்தும் கொட்டகையில் பீர் தயாரிப்பது அவன் பொழுதுபோக்கு. அவனுக்குப் பிடித்தது ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட ஏல் வகை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் விற்பது லாகர். அது குளிரில் மெதுவாக நொதிப்பது. ஏல் சாதாரண அறை வெப்பத்தில், 18 முதல் 20 டிகிரியில், விறுவிறுவென்று நொதித்துவிடும். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூ. பார்ப்பதற்குச் சின்னப் பச்சைக் கூம்பு. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் அந்தப் போதை இதில் கிடையாது. பீருக்குக் கசப்பும் மணமும் தருவதும், கெட்டுப்போகாமல் காப்பதும் இதுதான். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கு, தம்பி வீட்டிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணம்.

முதல் சில வருடங்கள் அவன் சுலபமான வழியில்தான் செய்துகொண்டிருந்தான். டப்பாவில் மால்ட் பாகு விற்கிறார்கள். தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் ஆயிற்று. ஒரு நாள் தொலைபேசியில், "இனிமே டப்பா கிடையாதுக்கா. முழுத் தானியத்துல இருந்து நானே எடுக்கப் போறேன்" என்றான். கடையில் வாங்கிய சாம்பார் பொடியிலிருந்து வீட்டில் வறுத்து அரைப்பதற்கு மாறுகிறவரின் குரல் அது. அந்தக் கோடையில் அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு மாதம் அவன் வீட்டில் தங்கப் போனேன். பாதி பேரக்குழந்தைக்காக, பாதி என் அத்தியாயத்துக்காக.

ஒரு சனிக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. 20 லிட்டர் பீருக்கு ஐந்தரைக் கிலோ மால்ட். மால்ட் என்றால் வேறொன்றுமில்லை; முளைகட்டி, உலர்த்தி, சூடு காட்டிய பார்லி. அதை மாவாக அரைக்கக் கூடாது. உமி முழுசாக இருக்க, உள்ளே இருப்பது மட்டும் நொய்யாக உடைய வேண்டும். பின்னால் வடிகட்டும்போது அந்த உமிதான் சல்லடை. உடைத்த தானியத்தை, உல்லாசப் பயணங்களுக்கு எடுத்துப் போகும் ஐஸ் பெட்டி ஒன்றில் கொட்டி வெந்நீர் ஊற்றினான். குளிரை உள்ளே வைத்திருக்கும் பெட்டி சூட்டையும் உள்ளே வைத்திருக்கும் அல்லவா? வெப்பமானி 66 டிகிரியில் நின்றதும் மூடிவிட்டான். இனி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்த வாசனை வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். அம்மா கொட்டகைக்கு வந்தாள். மூடியைத் திறக்கச் சொல்லி முகர்ந்தாள். "கேவுரு முளைமாவுக் கஞ்சி வாசனைல்ல அடிக்குது" என்றாள்.

எங்கள் இருவருக்கும் பல் முளைக்கும் முன்பே அவள் ஊட்டிய கஞ்சி அது. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத் துணியில் மூட்டை கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, இடித்துச் சலிப்பாள். தம்பி வாங்கியிருந்த பை மால்ட்டுக்கு ஏதோ ஒரு தொழிற்சாலையில் நடந்ததும் இதே வேலைதான். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. குருத்துக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்காக. முளைமாவுக் கஞ்சி கெட்டியாகாமல் நீர்த்து ஓடுவதும், குழந்தை வயிற்றில் எளிதில் செரிப்பதும் இந்த நொதிகளின் உபயம். பீர் செய்பவர் அந்த நொதிகளுக்கு வெந்நீரும் அவகாசமும் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வெந்நீரின் சூட்டில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. இரண்டு விதமான நொதிகள் அங்கே வேலை செய்கின்றன. 63, 64 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடக்கூடிய சர்க்கரை அதிகமாகும். பீர் வறண்டு, நாக்கில் நிற்காமல் போகும். 69, 70-க்குப் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சும். பீர் கனமாக, இனிப்பாக இருக்கும். 80-ஐ நெருங்கினால் நொதிகளே செத்துவிடும். டப்பாப் பாகில் இந்தத் தீர்மானத்தை யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். முழுத் தானியத்தில் நாமே எடுக்கலாம். தம்பி மாறியதற்குக் காரணம் இதுதான்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு துளியைப் பீங்கான் தட்டில் விட்டு அதன்மேல் ஐயோடின் சொட்டினான். மாவுச்சத்து மிச்சம் இருந்தால் கருநீலமாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நிறம் மாறவில்லை. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு சர்க்கரைடா போட்டே?"

"ஒரு சிட்டிகைகூடப் போடலம்மா. தானியமே பண்ணிக்கிச்சு."

அவள் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். அதன்பின் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. 76 டிகிரி வெந்நீர் ஊற்றித் தானியத்தில் ஒட்டியிருந்த இனிப்பைக் கழுவி எடுத்தபோது குவளையைப் பிடித்துக்கொண்டாள். மிஞ்சிய சக்கையைப் பார்த்து, "ஊரா இருந்தா மாட்டுக்கு வைக்கலாம்" என்று வருந்தினாள். வடித்த சாறு ஒரு மணி நேரம் கொதித்தது. தொடக்கத்தில் போட்ட ஹாப்ஸ் கசப்புக்கு. அதன் பிசின் நெடுநேரம் கொதித்தால்தான் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டது மணத்துக்கு. ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுகிறோமே, அதே நியாயம். "இதைச் சொல்லித் தரணுமாக்கும்" என்றாள் அம்மா.

சாற்றை ஆறவைத்துக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினான். ஈஸ்ட் உறையைக் கத்தரிக்கப் போனபோது அம்மா எழுந்துவிட்டாள்.

"பாயசம் வரைக்கும் எனக்குச் சம்மதம்டா. இதுக்கு மேல என்னைக் கேக்காதே."

அவளுடைய அப்பா, எங்கள் தாத்தா, தஞ்சைப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர். மூன்று ஏக்கரும் சாராயக் கடை வழியாகப் போயின. அம்மா எட்டாம் வகுப்போடு நின்றது அதனால்தான். தாத்தாவின் பெயரைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் மாறும். அவளுக்குப் பிடித்த அதிகாரம் குறளில் 93-வது, கள்ளுண்ணாமை. நான் ஹைதராபாத்தில் குடியேறிய பிறகு இந்த மண்ணைப் பற்றி அவளுக்குச் சொன்ன கதைகளில் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது துபகுண்டாவின் கதை. நெல்லூர் மாவட்டத்தின் அந்தச் சின்னக் கிராமத்துப் பெண்கள், 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்க வகுப்பில் கூடிப் பேச ஆரம்பித்து, சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி 1993-ல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-ல் அது தளர்த்தப்பட்டது என்ற கடைசி வரியை மட்டும் அவள் கேட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆகவே ஈஸ்ட் உறையின் இரு பக்கத்திலும் என் வீட்டார் நின்றார்கள். நான் குறிப்பு நோட்டோடு நடுவில் நின்றேன். மூன்று வாரம் கழித்து, நொதித்துப் புட்டியில் அடைத்துக் காற்று ஏறிய பிறகு, அரை டம்ளர் குடித்துப் பார்த்தேன். நார்த்தங்காய்த் தோலின் கசப்பும் மாம்பிசின் மணமும் இருந்தன. மிதவைக் கருவியின் கணக்குப்படி ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் ஆல்கஹால். தம்பியும் இரவில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டான். ஒரு நாள் முழுக்க உழைத்து மூன்று வாரம் காத்திருந்து பெற்ற 20 லிட்டரை யாரும் ஒரே மூச்சில் காலி செய்வதில்லை.

பேகம்பேட்டுக்குத் திரும்பியதும் அகராதிகளை மூடி வைத்துவிட்டுப் பத்துப்பாட்டை எடுத்தேன். உ.வே. சாமிநாதையர் 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நூல். அதில் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசுக்குப் போகும் பாணனுக்கு வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வருவார் புலவர். வலைஞர் குடியிருப்பில் கிடைப்பது அரிசியில் செய்த கள். எம்.ஏ. வகுப்பில் தேர்வுக்காகப் படித்த அந்தப் பகுதியை இப்போது தம்பியின் கொட்டகையை மனதில் வைத்துப் படித்தேன்.

செய்முறை ஒரு படிகூட விடுபடாமல் இருக்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். வாயகன்ற பிழாவில் பரப்பி ஆற்ற வேண்டும். ஓர் அடையை அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலுவான வாயுள்ள சாடியில் முற்ற வேண்டும். பிறகு விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அந்த அடையின் மேற்புறம் எப்படி இருக்கும் தெரியுமா? பாம்புப் புற்றுக்குள் கிடக்கும் கறையான் கூட்டைப் போல இருக்குமாம். நச்சினார்க்கினியர் அதை, நல்ல முளையை இடித்துச் சேர்ப்பது என்று விளக்குகிறார். முளை! மால்ட்டுக்குத் தமிழ் தேடி நான் சியாட்டில் வரை போய் வந்திருக்க, உரையாசிரியர் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்கள் அரிசியில் ஹண்டியா செய்யும்போது ராணு என்ற உருண்டைகளைச் சேர்க்கிறார்கள். மூலிகையும் அரிசி மாவும் சேர்த்துப் பிசைந்து காயவைத்தவை. பூஞ்சையும் ஈஸ்ட்டும் குடியேறி வெளுத்துப் பூத்த அந்த உருண்டைகளுக்குக் கறையான் கூடு பொருத்தமான உவமைதான். முளை என்று கொண்டாலும் பூஞ்சை என்று கொண்டாலும் மாவைச் சர்க்கரையாக்கும் வித்தையை அந்த வலைஞர் வீடுகள் அறிந்திருந்தன. நெல்லில் வீட்டிலேயே சமைத்த கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப் பெயரே இருந்திருக்கிறது. ஈஸ்ட் மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அதற்கு நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. பாஸ்டர் பீரைப் பற்றிய தன் ஆய்வு நூலை வெளியிட்டது 1876-ல். அந்த உயிருக்கு 'மதுவம்' என்று அழகாகப் பெயர் வைத்திருப்பவர்கள் இலங்கைத் தமிழர்கள். அங்கே பள்ளிப் பாடநூலிலேயே அந்தச் சொல் உண்டு.

தோப்பியில் இல்லாதது ஹாப்ஸ். ஆனால் ஹாப்ஸ் தூக்கலான பீரின் பெயரிலேயே நம் நாடு இருப்பது ஒரு வேடிக்கை. இந்தியா பேல் ஏல் என்பது அதன் முழுப் பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் பீர் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீப்பாய் பீப்பாயாக அனுப்பிவைத்தார். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்கும் பல மாதக் கடல் பயணத்தைத் தாங்குவதற்காகவே அந்தப் பீர் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் இப்போது ஏற்பதில்லை. ஹாப்ஸ் மிகுந்த வெளிர் பீர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. கப்பலில் அது நன்றாக முதிர்ந்தது, அவ்வளவே. கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக வந்த சரக்கு அது. 1806-ல் பெயர் சூட்டப்பட்ட செகந்திராபாத் ராணுவக் குடியிருப்போடு சேர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள்.

போன ஆண்டு விடுமுறையில் வந்த தம்பி, "உன் சமையலறையில ஒரு தடவை பண்ணிக் காட்டட்டுமாக்கா?" என்று கேட்டான். முடியாது என்றேன். உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது இங்கே கலால் சட்டப்படி குற்றம். தெலங்கானா 2015-ல் சிறு பீர் ஆலைகளுக்கு விதிகள் வகுத்தது. அதன்பின் ஜூபிலி ஹில்ஸ் பக்கம், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செம்புப் பாத்திரங்கள் மின்ன, கடைகள் வந்துவிட்டன. அங்கே காசு கொடுத்துக் குடிக்கலாம். வீட்டு அடுப்பில் செய்யக் கூடாது. அமெரிக்காவிலும் 1978 வரை இப்படித்தான். ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தால்தான் வீட்டு பீருக்கு விலங்கு கழன்றது. இங்கிலாந்தில் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்றானது 1963-ல்.

இந்தியாவிலும் இப்படித் திறக்க வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. மூன்று ஏக்கரைக் குடித்தவரின் பேத்தி நான். ஆனால் ஒரு கேள்வியை விலக்க முடியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். தானியம் நொதிப்பதால் அந்த அளவு விஷம் வராது. தொழிற்சாலைக்கான திரவத்தை யாரோ கொண்டுவந்து கலந்தால்தான் வரும். 2025 ஜூலையில் எங்கள் ஊர் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்கள் செத்தார்கள். இரண்டு இடங்களிலும் குடித்தவருக்குத் தம் டம்ளரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது. அங்கே வாங்குகிறவருக்கும் அந்தப் புட்டிக்குள் இருப்பது எந்தத் தானியம், எந்தப் பக்குவம் என்று தெரியாது. செய்யும் அறிவு வீட்டைவிட்டுப் போய்விட்டது. குடிக்கும் பழக்கம் போகவில்லை. நாம் இழந்திருப்பது தலைகீழாக.

அந்த அறிவைக் கௌரவமாக வைத்திருப்பவர்களும் நம் நாட்டில் உண்டு. அசாமின் திமாசா மக்கள் அரிசியில் செய்யும் ஜூதிமாவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்த அதே அங்கீகாரம். அதைச் செய்பவர்கள் பெண்கள், வீட்டில், சடங்குக்காக. அவர்கள் மொழியில் அந்த வேலைக்கு உரிய சொற்கள் குற்றச் செய்திக்குப் போகவில்லை.

என் அத்தியாயத்தில் மால்ட்டுக்கு 'முளை' என்றே எழுதினேன். அகன்ற பாத்திரத்துக்குப் 'பிழா'. நொதிக்கும் கலத்துக்குச் 'சாடி'. ஈஸ்ட்டுக்கு 'மதுவம்', அடைப்புக்குள் ஈஸ்ட். ஹாப்ஸ் ஹாப்ஸாகவே இருக்கட்டும். நம் ஊரில் புழங்காத பூவுக்கு நான் ஏன் பெயர் வைக்க வேண்டும்? சாடியில் நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றுக்கு 'ஊறல்' என்று எழுதியபோதுதான் தகராறு. பதிப்பாசிரியர் தொலைபேசியில், "போலீஸ் செய்தி மாதிரி இருக்கு மேடம், மாத்திடலாமா?" என்றார். ஊறுகாயும் ஊறல்தான், ஊற்றுநீரும் ஊறல்தான், அந்தச் சொல் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்றேன். நெடுநேர வாதத்துக்குப் பின் விட்டுவிட்டார்.

அச்சுப்படி வந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். முளைகட்டும் பகுதியை இரண்டு முறை படித்தாள். "முளை தானியத்து நீளத்துக்கு மேல போயிட்டா சத்தெல்லாம் அதுக்கே போயிடும், இனிப்பு இருக்காது. அதையும் போடு" என்றாள். ஐரோப்பியப் பார்லி ஆலைக்காரர்களின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். அவள் சொன்ன வரியைச் சேர்த்தேன். சாறு கொதித்து ஆறும் பக்கம் வரை வந்தவள், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மீதியைப் படிக்கவில்லை.